ஏழாவது அறையில் தூங்கியவர்

கடை திறக்கும் நாளன்று அவள் வேலைக்குக் கிளம்பும்போது, தலை வாரிக்கொண்டிருந்த மகள் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"ஊருக்கெல்லாம் கட்டில் விக்கப் போற. நம்ம வீட்டுல மட்டும் எல்லாரும் தரையில."

"விக்கறதையெல்லாம் வாங்கி வெச்சுக்கணும்னா, நகைக்கடையில வேலை பாக்கறவங்களுக்குக் கழுத்தே நிமிராது. சீப்பைக் குடு."

சீப்பைக் கொடுத்துவிட்டு மகள் கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டாள். "இன்னிக்குத் தெரிஞ்சிடுமாம்மா?"

"தெரிஞ்சிடும்."

அதற்கு மேல் பேசினால் கலைந்துவிடுமோ என்ற பயம். இன்றோடு அவளுடைய பயிற்சிக் காலம் முடிகிறது. திறப்பு விழா நடந்த பிறகு யார் யாருக்கு வேலை நிரந்தரம் என்று தலைமை அலுவலகத்து மேடம் சொல்லுவார். அவளுக்கு நிரந்தரம் என்றால் அவள் கணவன் ஊர் திரும்பிவிடலாம். எங்கோ தொலைவில் பெரிய நகரத்தில் கட்டடங்களுக்குப் பூச்சு வேலை செய்துகொண்டு, வருஷத்தில் இரண்டு தடவை மட்டும் வீட்டைப் பார்க்கிறவன் அவன். "நீ நிரந்தரம்னு ஒரு வார்த்தை சொல்லு. அன்னிக்கே மூட்டையைக் கட்டிடறேன். அங்க எந்த வேலை கிடைச்சாலும் பாத்துக்கறேன்" என்று போனில் சொல்லியிருந்தான். அப்பா கடைசியாக வந்துபோனபோது வாசற்படி நிலையில் போட்டுவிட்டுப் போன உயரக் கோட்டை மகள் எப்போதோ தாண்டிவிட்டாள்.

அந்த ஊரில் முன்பு ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலை இருந்தது. அவள் அங்கே பல வருஷம் சட்டைக்குக் கை மட்டும் தைத்தாள். முழுச் சட்டை ஒன்றைத் தைத்தது கிடையாது. தொழிற்சாலையை மூடியபோது, கைகளையெல்லாம் வைத்துக்கொண்டு உடம்பைத் தொலைத்துவிட்டவள் போல் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு ஊரில் ஆண்கள் ஒவ்வொருவராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். வேலை என்பது வேறு ஊரில் கிடைக்கும் பொருள் என்று எல்லோருக்கும் பழகிப்போயிற்று.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் இந்த மரச்சாமான் கடை வந்தது. நாடு முழுக்கக் கிளை திறந்துகொண்டே வரும் கம்பெனி அது. பாழடைந்து கிடந்த பழைய குளிர்பதனக் கிடங்கை வாங்கி, வெள்ளையடித்து, கண்ணாடி வைத்து, வாசலில் ஆள் எடுக்கிறோம் என்று பலகை மாட்டினார்கள். மறுநாள் காலை வரிசை சாலையின் வளைவு வரை நின்றது. தொழிற்சாலை மூடிய பிறகும் அதன் பூட்டிய கதவைக் காவல் காத்துவந்த வாட்ச்மேன்தான் முதல் ஆளாக நின்றார். "அங்க யாரும் உள்ள போகக் கூடாதுன்னு காவல் காத்தேன். இங்க எல்லாரும் உள்ள வரணும்னு காவல் காக்கணுமாம். இதுதான்யா பதவி உயர்வு" என்று சொல்லிச் சிரித்தார். சைக்கிள் பழுதுபார்த்தவருக்குக் கட்டிலும் பீரோவும் பூட்டும் வேலை கிடைத்தது. எப்போதும் வாயில் ஒரு ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டே பேசுவதால் அவருக்கு ஸ்க்ரூ அண்ணன் என்று பெயர் வந்துவிட்டது.

அவளுக்குப் படுக்கையறைப் பகுதி. மேல் மாடியில் வரிசையாக ஏழு அறைகள். மூன்று பக்கம் தடுப்புச் சுவர், நான்காவது பக்கம் திறந்தது. அதில் ஒரு திரை. கட்டில், மெத்தை, பீரோ, பக்கத்தில் விளக்கு, விளக்கடியில் கவிழ்த்து வைத்த ஒரு புத்தகம், யாருடையதோ போல ஒரு மூக்குக் கண்ணாடி. ஆள் இப்போதுதான் எழுந்து முகம் கழுவப் போயிருக்கிறான் என்று தோன்ற வேண்டும் என்பது கம்பெனியின் கட்டளை. போர்வையின் ஒரு மூலையை மட்டும் மடித்துவிட வேண்டும். இதெல்லாம் அவளுக்கு நன்றாக வந்தது. எழுந்து போனவர் எப்படிப்பட்டவர் என்று ஒவ்வொரு அறைக்கும் மனதுக்குள் ஒரு ஆளை வைத்துக்கொண்டாள். இரண்டாவது அறைக்காரர் கோபக்காரர். அவர் போர்வையை அதிகமாக மடிப்பார்.

கண்டிப்பான விதி ஒன்று இருந்தது. விற்பனைக்கு வைத்திருக்கும் எதிலும் வேலை செய்பவர்கள் உட்காரவோ படுக்கவோ கூடாது. இரண்டாவது வாரம் சாப்பாட்டு மேசைப் பகுதிப் பெண் ஒருத்தி, மேசையில் தன் டிபன் டப்பாவைத் திறந்தாள். மேசையில் எண்ணெய் வட்டம் விழுந்தது. அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் தலைமை அலுவலகத்து மேடம். அவர் இடுப்பில் எப்போதும் ஒரு இரும்பு டேப் தொங்கும். தலையணைக்கும் கட்டில் ஓரத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக்கூட அளந்துதான் நகர்வார். டேப் மேடம் என்று அவருக்குத் தெரியாமல் சொல்வார்கள். அவருக்குத் தெரியும் என்று வாட்ச்மேன் சொல்வார்.

அன்று விடிந்ததும் எல்லோரும் வந்துவிட்டார்கள். வர வேண்டிய கடைசி லாரி அப்போதுதான் வந்து சேர்ந்தது. வழியில் ஒரு பாலம் பழுதாகி, ஊரைச் சுற்றிக்கொண்டு, இரண்டு ராத்திரி தூங்காமல் ஓட்டிவந்திருந்தார் டிரைவர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சாமான்களை இறக்கும்போது அவரும் கைகொடுத்தார். மதியம் திரும்பிப் போக வேண்டும் என்றார்.

கடைசிப் பெட்டியை இறக்கிவிட்டு வந்தபோது அவள் அவரைப் பார்த்தாள். அட்டைப் பெட்டி அடுக்கின் மேல் நெற்றியை வைத்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே. அண்ணே, விழுந்துடுவீங்க."

"தூங்கலம்மா. கண்ணை மூடிட்டிருந்தேன்."

"டிரைவர் ரூம்ல போய்ப் படுங்களேன்."

"போனேன். நேத்துதான் பெயின்ட் அடிச்சாங்களாம். அந்த வாடை ஆளைத் தூக்குது. லாரியில படுக்கலாம்னா இப்பவே வெயில் ஏறிடுச்சு. பரவாயில்லம்மா, டீ குடிச்சா சரியாயிடும்."

இதே குரலை அவள் போனில் கேட்டிருக்கிறாள். "எங்க படுத்திருக்கீங்க?" என்று கேட்டால், "நல்ல இடம்தான், சிமென்ட் மூட்டை மேல. மெத்தை மாதிரி இருக்கு" என்பான் அவள் கணவன். சிமென்ட் மூட்டை மெத்தை மாதிரி இருக்காது என்று அவளுக்குத் தெரியும். இந்தக் கடையில் எல்லா மெத்தையையும் அழுத்திப் பார்த்தவள் அவள்.

ஏழாவது அறையை அன்று யாருக்கும் காட்டப்போவதில்லை. பீரோவின் கைப்பிடி ஒன்று வந்து சேராததால் அந்த வரிசையை ஆறோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அவள் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. கால் தானாக நடந்தது.

"வாங்கண்ணே. அரை மணி நேரம். நானே வந்து எழுப்பறேன்."

மெத்தை அழுக்காகக் கூடாது என்று பிளாஸ்டிக் உறையை எடுத்து விரித்தாள். அவர் ஷூவைக் கழற்றினார் என்பதைவிட உதறினார் என்பதே சரி. ஒன்று கட்டிலடியிலும் மற்றது பீரோ ஓரத்திலும் போய் விழுந்தது. தலை சாய்வதற்குள் தூங்கிவிட்டார். பிளாஸ்டிக் உறை சரசரவென்று சத்தம் போட்டது.

திரையை இழுத்துவிடலாம் என்று அவள் திரும்பியபோது கீழேயிருந்து மேனேஜர் கூப்பிட்டார். எல்லோரும் உடனே வாசலுக்கு வர வேண்டுமாம். ஏதாவது கோளாறு என்றால் அவர் உடனே "ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்பார். அதனால் அந்த வார்த்தையைக் கேட்டாலே எல்லோரும் எங்கே என்ன கெட்டுப்போயிற்று என்று தேடுவார்கள்.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல. தட்டு பிடிக்க வேண்டிய பொண்ணுக்குக் காய்ச்சல். அக்கா, நீங்க பிடிங்க. கத்தரிக்கோலை வெச்சுக்கிட்டு மேடம் பக்கத்துல நிக்கணும். எங்கயும் நகரக் கூடாது."

அவள் தட்டோடு நின்றாள். வெயில் ஏறியது. வாசலில் கூட்டம் கூடிக்கொண்டே வந்தது. மேடம்தான் கடைசியாக வந்து பக்கத்தில் நின்றார். அரை மணி நேரம் எப்போதோ போயிற்று. விருந்தாளிகள் பேசினார்கள். நாட்டின் எந்தெந்த மூலையில் எத்தனை கிளை, இன்னும் எத்தனை திறக்கப் போகிறார்கள், எத்தனை குடும்பத்துக்குச் சோறு என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். அவள் காதில் எதுவும் விழவில்லை. கடவுளே, அந்த மனுஷன் குறட்டை விடாமல் இருக்கட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டாள். பிறகு, அந்த வேண்டுதலில் தன்னைப் பற்றிய கவலை மட்டுமே இருப்பதை உணர்ந்து வெட்கப்பட்டாள். நல்லா தூங்கட்டும், ஆனா சத்தமில்லாம தூங்கட்டும் என்று திருத்திக்கொண்டாள்.

நாடாவை வெட்டினார்கள். கூட்டம் உள்ளே நுழைந்தது. தட்டை யார் கையிலோ கொடுத்துவிட்டு அவள் படியேறி ஓடினாள். ஆனால் டேப் மேடமும் விருந்தாளிகளும் அவளுக்கு முன்னே போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் குழந்தை குட்டிகளோடு பாதி ஊர்.

ஏழாவது அறையின் திரை மூடியிருந்தது. உள்ளே விளக்கும் எரியவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது. கூடவே குழப்பமும் வந்தது. திரையை அவள் இழுக்கவில்லையே.

கூட்டம் ஆறாவது அறையோடு திரும்பியது. அப்போது, அம்மாவின் கையை விட்டுவிட்டு ஓடிய ஒரு சின்னப் பெண் குழந்தை, மூடிய திரையைப் பார்த்தால் எந்தக் குழந்தையும் செய்வதைச் செய்தது. திரை முழுவதுமாக விலகியது.

டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் உறையைக் காணோம். மார்பு வரை போர்வை. தலைக்கடியில் தலையணை. ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கட்டிலின் மேலே விலைச்சீட்டு மெல்ல ஆடியது.

"அம்மா, இது பொம்மையா?"

பொம்மை அந்த நேரத்தில் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டுப் புரண்டு படுத்தது.

"தத்ரூபமா வெச்சிருக்காங்கப்பா" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"விலையில ஆளும் சேர்த்தியா?" என்று கேட்டார் இன்னொருவர்.

"ஏன், உங்க வீட்டுல தூங்க ஆள் இல்லையா?" என்றாள் அவர் மனைவி. சிரிப்பு எழுந்தது. உடனே ஒரு வயதான அம்மா திரும்பி எல்லோரையும் முறைத்தாள். "மெதுவா. மனுஷன் எத்தனை நாள் தூக்கத்தைத் தூங்கறாரோ. முகத்தைப் பாத்தாத் தெரியல?"

அதன் பிறகு நடந்ததுதான் விசித்திரம். அத்தனை பேரும் குரலைத் தணித்துக்கொண்டார்கள். செருப்புச் சத்தம்கூட அடங்கியது. உறவுக்காரர் தூங்கும் அறையைக் கடந்து போவது போல் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். திரையை இழுத்த குழந்தையே வாயில் விரலை வைத்து மற்றவர்களை அடக்கிக்கொண்டு நின்றது.

டேப் மேடம் திரையை மறுபடி மூடினார். மேனேஜரிடம் மட்டும் சொன்னார். "கூட்டம் குறைஞ்சதும் காலையில மாடிக்கு வந்தவங்க எல்லாரையும் ஆபீஸ் ரூமுக்கு வரச் சொல்லுங்க."

"ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம்" என்றார் மேனேஜர். அவர் முகம் வெளுத்துவிட்டது.

ஆபீஸ் ரூமில் அவள், வாட்ச்மேன், ஸ்க்ரூ அண்ணன், மேனேஜர் நால்வரும் நின்றார்கள். மேடம் உட்கார்ந்திருந்தார். ஒரு கை இடுப்பு டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தது.

"தலைமை அலுவலகத்துல கேப்பாங்க. விருந்தாளிங்க எல்லாரும் பாத்திருக்காங்க. யார் படுக்க வெச்சது?"

மகள் காலையில் கேட்ட கேள்வி அவள் நினைவுக்கு வந்தது. இன்னிக்குத் தெரிஞ்சிடுமா. தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். பொய் சொல்லவும் ஒரு நிமிஷம் மனது துணிந்தது. அவராகவே வந்து படுத்துவிட்டார் என்றால் யார் கண்டது? ஆனால் அந்தப் பழி அந்தத் தூங்குகிற மனிதன் மேல் விழும். தூங்குகிறவன் மேல் பழி போடுகிறவளாகக் கணவனை வரவேற்க அவளால் முடியாது.

"நான்தான் மேடம். ரெண்டு நாளா தூங்கலைன்னார். அந்த அறையைக் காட்டப்போறதில்லன்னு நினைச்சேன். பிளாஸ்டிக் விரிச்சுத்தான் படுக்க வெச்சேன். எழுப்ப வர முடியல. தப்புதான்."

"பிளாஸ்டிக் இல்லையே" என்றார் மேடம்.

வாட்ச்மேன் தொண்டையைக் கனைத்தார். "அதை எடுத்தது நான் மேடம். திறக்கறதுக்கு முன்னாடி மாடியை ஒரு சுத்து பாத்துட்டு வந்தேன். அந்தாளு புரளப் புரள அது சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சு. மெதுவா உருவிட்டுப் போர்வையைப் போத்திவிட்டேன். அந்தம்மா மேல மட்டும் தப்புன்னு எழுதாதீங்க."

"திரை?"

ஸ்க்ரூ அண்ணன் அன்று முதல் தடவையாக ஸ்க்ரூவை வாயிலிருந்து எடுத்தார். "திரை நான். ஆனா உண்மையைச் சொல்லிடறேன் மேடம். எழுப்பத்தான் போனேன். ஓய், எந்திரியான்னு காலைத் தட்டினேன். அசையல. ரெண்டாவது தடவை தட்ட மனசு வரல. தலையணை வேற தள்ளிக் கிடந்துச்சு. அதை வெச்சுட்டு, திரையை இழுத்துவிட்டுட்டு வந்துட்டேன்."

மேடம் மேனேஜரைப் பார்த்தார். "உங்களுக்கு இதெல்லாம் தெரியாது, அப்படித்தானே?"

மேனேஜர் தரையைப் பார்த்தார். "ஒண்ணும்..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினார். "லைட்டை அணைச்சது நான் மேடம். கண்ணுல வெளிச்சம் அடிச்சுக்கிட்டிருந்துச்சு."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவார்கள். ஒருவர் செய்ததை இன்னொருவரிடம் சொல்லாமல், ஒவ்வொருவரும் தன் வேலையைப் பணயம் வைத்து ஒரு ஆளைத் தூங்கவிட்டிருக்கிறார்கள். கடவுள் பெரிய அற்புதங்களை எங்கே செய்கிறாரோ தெரியாது. சின்ன அற்புதங்களுக்கு அந்தப் பக்கமாகப் போகிறவர்களைத்தான் பிடித்து நிறுத்துகிறார்.

கதவு தட்டப்பட்டது. டிரைவர். முகம் கழுவி, தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். கூனிக் குறுகிக்கொண்டு உள்ளே வந்தார்.

"கீழ சொன்னாங்க மேடம். ஊரே பாத்துச்சாம். என்னால இவங்களுக்குக் கெட்ட பேர் வேணாம். நான் வேணும்னா எழுதிக் கொடுத்துடறேன், நானாத்தான் போய்ப் படுத்தேன்னு."

"அவசியமில்ல" என்றார் மேடம். "இவங்க எல்லாரும் உங்களுக்கு முந்திக்கிட்டாங்க."

டிரைவர் நால்வரையும் பார்த்துக் கும்பிட்டார். "இதுல யாருன்னு தெரியல. என் ஷூவைக்கூட எடுத்து வெச்சிருந்தாங்க. ரெண்டையும் அளவெடுத்த மாதிரி ஜோடியா, வாசல் பக்கம் பாத்து. சாக்ஸை மடிச்சு உள்ள வெச்சிருந்தாங்க. எங்க வீட்டுல அம்மா போனதுக்கப்புறம் அப்படி யாரும் வெச்சதில்ல. அவங்களுக்கும் நன்றி சொல்லிக்கறேன்."

அவள் வாட்ச்மேனைப் பார்த்தாள். அவர் இல்லை என்று தலையசைத்தார். ஸ்க்ரூ அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். மேனேஜர் தன் ஷூவையே அப்படி வைக்காதவர்.

திறப்புக்கு முன் மாடி அறைகளைக் கடைசியாக அளந்து பார்த்துவிட்டு இறங்கியவர் யார் என்று அப்போது எல்லோருக்கும் நினைவு வந்தது. இடுப்பு டேப் இழுபடுவதும் நின்றிருந்தது.

"என்ன பாக்கறீங்க?" என்றார் மேடம். காது மடல் சிவந்திருந்தது. "நடைபாதையில ஷூ கிடந்தா யாராவது தடுக்கி விழுவாங்க."

"ஆமா மேடம்" என்றார் வாட்ச்மேன். "சாக்ஸ்லயும் தடுக்கி விழலாம்."

முதலில் சிரித்தது மேனேஜர். பிறகு எல்லோரும். மேடம் சிரிக்கவில்லை, ஆனால் அடக்கிக்கொண்டார் என்பது தெரிந்தது. எழுந்து ஜன்னலோரம் போய், கீழே நிற்கும் லாரியைப் பார்த்தபடி பேசினார்.

"விதி விதிதான். அதை நான் மாத்த முடியாது. ஆனா இவ்வளவு தூரம் லாரி வரவழைக்கிற கம்பெனி, டிரைவர் படுக்க ஒரு காய்ஞ்ச அறை வெச்சிருக்கணும். அது நம்ம தப்பு. அப்படித்தான் எழுதப்போறேன். மேனேஜர், கிடங்குல இருந்து ரெண்டு கட்டிலை எடுத்து அந்த ரூம்ல போடுங்க. ஜன்னலைத் திறந்து வைங்க. அப்புறம் அந்த டிபன் டப்பா பொண்ணு... அவ போன் நம்பர் இருக்கா? நான் அவசரப்பட்டுட்டேன். மேசையைத் துடைச்சிருந்தா போயிருக்கும்."

எல்லோரும் வெளியே போகத் திரும்பினார்கள். அவள் மட்டும் அங்கேயே நின்றாள்.

"நீங்க ஏன் நிக்கறீங்க?" என்றார் மேடம். "உங்க பகுதியில இன்னிக்கு ஏழாவது அறைக் கட்டிலைத்தான் நிறைய பேர் கேட்டாங்க. போய் விசாரிங்க. நிரந்தரம்னு சொன்னாத்தான் நகர்வீங்களா? நிரந்தரம். போங்க."

போன் பேசப் படியில் இறங்கியவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். படி விற்பனைக்கு இல்லை என்பதால் உட்காரலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடவுளுக்கு ஒரு வார்த்தையில் நன்றி சொல்லிவிட்டு, போனை எடுத்தாள்.

"என்னாச்சு?" என்றான் கணவன். பின்னால் கலவை இயந்திரத்தின் இரைச்சல்.

"மூட்டையைக் கட்டுங்க."

இரைச்சல் மெல்லக் குறைந்தது. அவன் நகர்ந்து நகர்ந்து எங்கோ அமைதியான இடத்துக்குப் போய்விட்டான் போல.

"மறுபடி சொல்லு. இங்க காது கேக்கல."

கேட்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மறுபடி சொன்னாள்.

மேலே படியில் நின்ற டிரைவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தப்பா நினைக்காதீங்கம்மா. வீட்டுக்காரரா? எந்த ஊர்ல இருக்கார்?"

சொன்னாள்.

"அட. நம்ம டிப்போவே அங்கதான். நான் லோடு ஏத்தறது அந்த ஊர்லதான். அடுத்த லோடு இன்னும் பத்து நாள்ல. கேபின்ல ஒரு ஆளுக்கு இடம் இருக்கு. அவர் சாமானையும் பின்னால போட்டுக்கலாம். பேச்சுத் துணைக்கு ஆள் இருந்தா எனக்கும் தூக்கம் வராது." அவர் சிரித்தார். "நம்பரைக் கொடுங்க."

அடுத்த லோடு ஒரு மதிய வேளையில் வந்தது. அன்று படுக்கையறைப் பகுதியில் கூட்டம். கல்யாணமாகிக் கொஞ்ச நாள் ஆன ஒரு ஜோடி மூன்றாவது அறையில் நின்று, கட்டிலின் மூலையை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து ஜன்னல் வழியாகப் பின்வாசல் தெரியும். வாட்ச்மேன் கதவை முழுதாகத் திறந்துவிட்டார். ஒரு லாரிக்கு அவ்வளவு தேவையில்லை. லாரி நின்றதும், டிரைவர் பக்கம் அல்லாத கதவிலிருந்து ஒருவன் இறங்கினான். தலையில் சிமென்ட் தூசி இல்லாமல் அவனைப் பார்த்து வெகு நாளாயிற்று. இறங்கியவன் கடையை அண்ணாந்து பார்த்து, ஒவ்வொரு ஜன்னலாகத் தேடினான்.

கையை ஆட்ட முடியாது. வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அவள் ஜன்னல் திரையை முழுவதுமாக விலக்கிவிட்டு, வெளிச்சம் தன் மேல் விழும்படி கொஞ்சம் நகர்ந்து நின்றாள்.

"அக்கா," என்றாள் அந்தப் புதுப்பெண், "இதுல ராத்திரி புரண்டா சத்தம் வருமா?"

"வராதும்மா," என்றாள் அவள், ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். "நிம்மதியாத் தூங்கலாம்."